ஜேர்சி கழலாத பருவம்

நிலக்கரி தீர்ந்து நாற்பது வருசம் ஆன பிறகும் சன்னல் விளிம்பைத் துடைத்தால் விரலில் கறுப்பு ஒட்டுகிற ஊர் ஒன்று ஜேர்மனியில் இருந்ததாம். அந்த ஊருக்குக் குரூமென்பேர்க் என்று பேராம். குரூமென்பேர்க்குக்கு ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருந்ததாம். கழகத்துக்குச் சாம்பலும் சிவப்புமாய் ஒரு ஜேர்சி இருந்ததாம். அந்த ஜேர்சியைத் தோய்க்கிறதுக்குச் சிவகடாட்சம் என்று ஒருவர் இருந்தாராம்.

சிவகடாட்சம் சுழிபுரத்துக்காரர். பத்தொன்பது வயதில் பனிக்குள் வந்து இறங்கி, உணவகத்தில் கோப்பை கழுவி, முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புத் தோய்த்து, கடைசியில் கழகத்தின் சலவைக்கூடத்துக்குள் நுழைந்து இருபத்திரண்டு வருசம் ஆகிவிட்டது. டொச்சு பேசுகிற ஜேர்மன்காரரின் வாயில் அந்தப் பெயர் முழுதாய் நுழையவில்லை என்று காடோ ஆக்கிவிட்டார்கள். ஆட்டுக்கடாவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று அவருடைய மனைவி யோகமலர் முகத்தைச் சுளித்தாலும், அவர் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். ஆட்டம் முடிந்து வீரர்கள் உரிந்தெறிகிற ஜேர்சிகளைப் பொறுக்குவதும், புல்கறைக்கு ஒரு தூள், இரத்தக்கறைக்குக் குளிர்தண்ணீர், சேற்றுக்கறைக்குப் பொறுமை என்று பிரித்துப் போடுவதும், காய்ந்ததை இலக்கப்படி மடித்து அடுத்த சனிக்கிழமை உடைமாற்றும் அறையின் மர வாங்கில் வைப்பதும் அவர் வேலை. ஆட்ட நாளில் முதுகில் இலக்கம் இல்லாத ஒரு ஜேர்சியை அவரும் போட்டுக்கொண்டு மாற்று வீரர்களின் வாங்கில் கடைசி ஆளாய் உட்கார்ந்திருப்பார். உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை. எழும்பச் சொல்லியும் யாரும் சொன்னதில்லை.

அந்தப் பருவம் தொடக்கத்திலேயே கோணல். இரண்டாம் பிரிவில் பதினெட்டுக் கழகங்கள். பருவம் முடியும்போது கடைசியில் நிற்கிற இரண்டும் மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். குரூமென்பேர்க் ஆகஸ்டில் பதினான்காவதாய் நின்றது, செப்ரெம்பரில் பதினாறாவதாய் நின்றது, ஒக்டோபர் முடிய பதினெட்டாவதாய் நின்றது, அதற்குக் கீழே நிற்க இடம் இல்லை என்பதால் நின்றது. முதல் பயிற்சியாளரைத் துரத்தினார்கள், இரண்டாமவர் தானாய் ஓடினார், மூன்றாமவர் தன்னுடைய கோப்பி மெசினையும் தூக்கிக்கொண்டு வந்து, அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்காமலே வேலையைத் தொடங்கினார்.

அந்த நாட்டு மைதானங்களில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. கேவலமாய்த் தோற்றால் வீரர்கள் நேரே உடைமாற்றும் அறைக்குப் போக முடியாது. கோலுக்குப் பின்னால் இருக்கிற தெற்கு மேடைக்கு முன்னால், கம்பி வேலியோடு போய் வரிசையாய் நின்று, தலையைக் குனிந்து, சனம் ஏசுவதை ஏசி முடிக்கும்வரை கேட்க வேண்டும். ஏச்சும் போதாத அளவுக்குக் கேவலம் என்றால் ஜேர்சியைக் கழற்றச் சொல்வார்கள். போடத் தகுதி இல்லாதவன் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு மேலே ஒரு அவமானம் அங்கே இல்லை.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை, சொந்த மைதானத்தில், பூச்சியத்துக்கு ஐந்து. தெற்கு மேடையின் தலைவன் வொய்ட்கே வேலிக்கு மேலே ஏறினான். கூரைக்கு ஓடு போடுகிற தொழில். உயரம் அவனுக்குப் பழக்கம். ஒலிபெருக்கியோடு சனத்தைப் பார்த்து நின்று பாட்டை வழிநடத்துகிறவன் என்பதால் பதினான்கு வருசமாய் அவனுடைய முதுகுதான் ஆட்டத்தைப் பார்த்தது. விழுகிற கோலையெல்லாம் சனத்தின் முகத்தில்தான் அவன் கண்டான். அன்றைக்கு ஐந்து தடவை கண்டிருந்தான். இப்போது திரும்பி, அணி என்றால் முழு அணியும் வரட்டும் என்ற பயிற்சியாளரின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து வந்து நின்றவர்களை, கடைசியில் நின்ற சிவகடாட்சம் வரைக்கும் ஒவ்வொருவராய்ப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னான்.

“கழற்றுங்கள்.”

பந்துக்காப்பாளன் க்ரோல்தான் அணித் தலைவன், முப்பத்தைந்து வயது, அந்த ஊரிலேயே பிறந்தவன். அவன் முதலில் ஜேர்சியின் விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தான். ஜேர்சியோடு வயிற்றுத் தோலும் எழும்பியது. இன்னும் இழுத்தான், கூடாரத் துணியைத் தூக்கின மாதிரித் தோல் எழும்பியது, கழலவில்லை. பக்கத்தில் நின்றவனுக்கும் கழலவில்லை, அதற்கடுத்தவனுக்கும் கழலவில்லை, பதினொரு பேரும் குளிரில் நின்று தங்களைத் தாங்களே உரித்துக்கொண்டிருந்தார்கள், மறுக்கிறார்கள் என்று நினைத்த மேடையிலிருந்து பியர்க் கோப்பைகளும் லைட்டர்களும் வந்து விழுந்தன. நனைந்த துணி உடம்பில் ஒட்டும் என்று துணியை அறிந்த சிவகடாட்சம் உதவிக்குப் போய் க்ரோலின் கழுத்துப் பட்டிக்குள் விரல் விட்டுப் பார்த்தார். விரல் போக இடம் இருக்கவில்லை. பட்டிக்குள்ளே நாடி துடித்தது.

சனத்தை ஆற்ற வேண்டும் என்று நினைத்தாரோ, இப்படித்தான் கழற்றுவது என்று காட்ட நினைத்தாரோ, அவர் தன்னுடைய ஜேர்சியைத் தலைக்கு மேலாய் இழுத்தார். ஒரே இழுவையில் வந்துவிட்டது. பழக்கதோசத்தில் அதை நாலாய் மடித்து வேலிக் கம்பிக்கிடையால் நீட்டினார். வொய்ட்கே குனிந்து வாங்கி, முதுகைத் திருப்பிப் பார்த்து, இலக்கம் இல்லை என்று கண்டு, கீழே போட்டான்.

“உன்னுடையதை யார் கேட்டது, காடோ?”

கிட்ட நின்றவர்கள் சிரித்தார்கள். நாலு பாகைக் குளிரில் உள்பெனியனோடு நின்ற சிவகடாட்சம் அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், பேருந்துத் தடம் மாறியதை ஏற்றுக்கொண்ட மாதிரித்தான்: ஒரு கிழமை முறுமுறுத்தது, பிறகு பழகியது. ஆசுப்பத்திரியில் ஒரு வைத்தியர் நாலாம் இலக்கத்தின் ஜேர்சியைக் கத்தரியால் வெட்டிப் பார்த்தார். இரத்தம் வந்தது, ஐந்து தையல் போட்டார், துணி பொருக்கு வைத்துக் காய்ந்தது. உதைபந்தாட்டச் சம்மேளனம் ஒரு கடிதம் அனுப்பியது. சாம்பல் நிறத்தில் வருகிற எதிரணிகள் இனி வேறு நிறத்தில் வர வேண்டும் என்று அதில் இலக்கமிட்ட பந்தி ஒன்று இருந்தது. வீரன் ஒருவன் தன் கலியாணத்துக்கு அந்த ஜேர்சியோடுதான் போனான். மணப்பெண்ணின் வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் நெஞ்சு நிறைய மெத்தைக் கம்பனியின் விளம்பரம் நின்றது. மெத்தைக்காரர் முதலில் குளிர்ந்தார், பிறகு ஊரில் ஒருவரும் தன் மெத்தையில் படுக்கிறதில்லை, தோல்வி கனவில் வருகிறது என்கிறார்கள் என்று பெயரை எடுக்கச் சொல்லி எழுதினார். எடுக்கத் தோலை எடுக்க வேண்டும் என்று கழகம் பதில் எழுதியது. ஜனவரியில் வேறு கழகங்களுக்குப் போன மூன்று பேர் பத்தாம் நாள் திரும்பி வந்தார்கள். புது ஜேர்சியைப் பழையதுக்கு மேலே போட்டால் மேலே போட்டது நைந்து நூலாய் உதிர்ந்ததாம்.

அதற்கு முன்னர் தோற்றவன் தொப்பியை இறக்கிவிட்டுச் சனத்துக்குள் மறைந்துபோகலாம். இப்போது முதுகில் இலக்கத்தோடு பேக்கரியில் பாண் வாங்கப் போக வேண்டியிருந்தது, பல் பிடுங்கப் போக வேண்டியிருந்தது, செத்தவீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பாண்கடைக்காரி ஆறாம் இலக்கத்தை வரிசையில் விட்டுவிட்டு, பின்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, ஐந்தாவது கோல் விழுந்தபோது நீ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டுப் பதில் வந்த பிறகுதான் பாணைச் சுற்றிக் கொடுத்தாள். ஓய்வூதியக் கிழவர்கள் துப்பினார்கள். தபால்காரர் கடிதத்தைச் சேற்றில் ஒரு தடவை அழுத்திவிட்டுப் போட்டார். க்ரோலின் வீட்டுப் புல்வெளியில் பதினொரு மரச்சிலுவைகள் முளைத்தன. அவனுடைய தகப்பனும் தெற்கு மேடைக்காரர். அவர் அவற்றைப் பிடுங்கவில்லை, ஒன்று சாய்ந்திருந்ததை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

பெப்ரவரியில் கழகத் தலைவி பிரிங்மன் அம்மையார் பணியாளர்களைக் கூட்டிச் சொன்னார்: மூன்றாம் பிரிவுக்கு இறங்கினால் சலவைக்கூடம் மூடப்படும், வீரர்கள் உடுப்பை வீட்டில் தோய்த்துக்கொள்ளட்டும். சிவகடாட்சத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. அந்தச் சலவைக்கூடத்தை விட்டால் அந்த ஊரில் அவருக்கு என்று ஒரு கதவு இல்லை. கழகம் இறங்கக்கூடாது என்று அவரைப்போல வேண்டியவர் அந்த ஊரில் வேறொருவர் இல்லை. அவர் வேண்டுகிறார் என்பதை நம்பவும் அந்த ஊரில் ஒருவரும் இல்லை.

ஏனென்றால் கேள்வி அதற்குள் வேர்விட்டிருந்தது. எல்லோருக்கும் ஒட்டினது தோய்க்கிறவனுக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை? தோய்க்கிறவன் ஏதோ போட்டுத் தோய்த்திருக்கிறான். சவர்க்காரத்தைச் சோதிக்க ஆள் வந்தது. அலமாரிக் கதவின் உள்ளே அவர் ஒட்டி வைத்திருந்த நல்லூர்க் கந்தன் படத்தையும் விபூதிக் காகிதச் சரையையும் ஒருவன் கைபேசியில் படமெடுத்தான். அடுத்த நாள் அந்தச் சாம்பலும் ஜேர்சியின் சாம்பலும் ஒரே சாம்பல் என்று ஊர் பேசியது. சலவைக்கூடக் கதவில் சிவப்பு மையால் ‘கழற்று’ என்று எழுதினார்கள். அவர் அதைத் தேய்த்துக் கழுவினார். மை இரத்தக்கறை மாதிரியில்லை, போக மறுத்தது.

அவருக்கோ வேறு நோவு. அது ஏன் தன்னில் ஒட்டவில்லை என்பது. வந்து ஆறு மாதம் ஆகாத புது வீரனுக்கு ஒட்டியிருக்கிறது, ஊரின் பேரைச் சரியாய்ச் சொல்லத் தெரியாதவனுக்கு ஒட்டியிருக்கிறது. பகலில் அந்த இலக்கமில்லாத ஜேர்சியைப் போட்டுக்கொண்டு வேலை செய்தார், அதோடு சாப்பிட்டார், அதோடு கடைக்குப் போனார், வேர்க்கட்டும் என்று வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றார். இழுத்தால் வந்தது. யோகமலர் மூன்று நாள் பார்த்தாள், நாலாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“அவங்கள் ஒட்டிப்போச்செண்டு அழுறாங்கள். நீங்கள் ஒட்டேல்லையெண்டு அழுறியள். உங்களுக்கு எங்கையாவது கழண்டு போச்சோ?”

“இருபத்திரண்டு வருசம், மலர்.”

“முப்பது வருசமா என்னோடை இருக்கிறியள். நான் என்ன ஒட்டிக்கொண்டே கிடக்கிறன்?”

அவள் கீரைத் தண்டை முறித்து, உந்தச் சனத்துக்காக வேர்த்தது காணும், கழற்றித் தாங்கோ தோய்ச்சுப்போடுறன் என்றாள். அந்த வீட்டில் அவருடைய உடுப்பைத் தோய்க்கிறது அவள்தான்.

ஜேர்சி கழலாது என்றால் தோய்க்காமல் விடலாமா? நாற்றம் எழும்பி, மத்தியஸ்தர் ஒருவர் ஆட்டத்தை நிறுத்திய பிறகு, வீரர்களை ஜேர்சியோடு தொட்டியில் உட்காரவைத்துத் தோய்க்கிற வேலையும் சிவகடாட்சத்தின் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வருசமாய் உள்ளே ஆளில்லாத உடுப்பையே பார்த்தவர், மார்ச் முழுக்கக் குழந்தைச் சவர்க்காரமும் மெல்லிய தூரிகையுமாய் ஆளோடு உடுப்பைத் தேய்த்தார். சேறு இருந்த இடத்தில் தேய்த்தால் கூசியது என்றார்கள், எச்சில் காய்ந்த இடத்தில் தேய்த்தால் எரிந்தது என்றார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கழகத்தில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்கள். அந்த ‘நீ’யில் ஒரு காலம் இருந்த சூடு அந்த மாதம் இருக்கவில்லை.

ஒரு செவ்வாய் காலை க்ரோல் தொட்டிக்குள் இருந்துகொண்டு, உனக்குப் பொறாமை என்றான். சிவகடாட்சம் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மறைக்காதே. கழுத்துப் பட்டிக்கு வரும்போது உன் கை மெதுவாகிறது. இது பாசத்தில் ஒட்டியிருக்கிறது என்று நினைக்கிறாய், இல்லையா?”

“வேறெப்படி?”

“இது துணியே இல்லை, காடோ. இது அவர்களுடைய கை. இருபதாயிரம் பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உன்னை யார் பிடித்தார்கள், உனக்கு ஒட்டுவதற்கு?”

சிவகடாட்சம் தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, மிச்சத்தை நீயே தேய் என்று சொல்லி வெளியே போனார். கை எட்டாத முதுகோடு க்ரோல் ஒரு மணித்தியாலம் தொட்டிக்குள் இருந்தான், தண்ணீர் ஆறியது. பிறகு அவரே திரும்பி வந்து தேய்த்தார், வேலை அல்லவா.

ஏப்ரலில் அணி வெல்லத் தொடங்கியது. கழகம் நிமிர்ந்தது என்று பத்திரிகை எழுதியது, ஆனால் கிட்டப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது துரத்திக் கலைக்கப்பட்ட மிருகங்களின் ஓட்டம். இறங்கினால் இந்தத் தோலோடு இந்த ஊரில் எப்படி உயிர் வாழ்வது என்று பதினொரு பேரும் ஓடினார்கள். நாலு ஆட்டம் வென்று பதினாறாவது இடத்துக்கு ஏறினார்கள். சனம் பாடியது. பாட்டிலும் பல் தெரிந்தது. பாண்கடைக்காரி ஆறாம் இலக்கத்துக்கு வரிசைப்படி பாண் கொடுத்தாள், சனிக்கிழமை வரைக்கும்தான் என்று சொல்லிக் கொடுத்தாள். சிவகடாட்சம் அந்த நாலு கிழமையும் வாங்கின் நுனியில் உட்கார்ந்து, கோல் விழும்போதெல்லாம் எழும்பி, பக்கத்தில் கட்டிப்பிடிக்க ஆளில்லாமல் உட்கார்ந்தார்.

மே மாதக் கடைசி ஆட்டத்தில் சமநிலை போதும். தோற்றால், பதினேழாவதாய் நின்று வென்றுகொண்டிருக்கிற அடுத்த ஊர்க் கழகம் மேலே ஏறிவிடும். எண்பத்தெட்டு நிமிடம் பூச்சியத்துக்குப் பூச்சியம். எண்பத்தொன்பதில் ஒரு சோம்பல் பந்து, புல்லில் உருண்டு, யாரோ மறந்துவிட்டுப் போன பந்து மாதிரி வந்தது. க்ரோல் குனிந்தான், பந்து கைக்குள் வந்தது, ஜேர்சி மழுமழுவென்று தோலாய்ப் போயிருந்த மார்பில் வழுக்கியது, காலுக்கிடையால் போய்க் கோட்டைத் தாண்டி நின்றது. வொய்ட்கே அதைச் சனத்தின் முகத்தில் கண்டான்.

ஊதல் ஊதி முடிந்ததும் யாரும் சொல்லாமலே வீரர்கள் வேலிக்கு வந்தார்கள். தெற்கு மேடையின் பழக்கம் வாயைத் திறந்தது: கழற்று, கழற்று, கழற்று என்று இருபதாயிரம் தொண்டை. க்ரோல் விளிம்பைப் பிடித்து இழுத்தான். ஈரச் சீலையைக் கொடியிலிருந்து இழுக்கிற சத்தத்தோடு அது கழன்று வந்தது. ஒவ்வொருவருக்கும் வந்தது. உள்ளே இருந்த உடம்புகள் தண்ணீருக்குள் கிடந்த விரல் மாதிரி வெளிறிச் சுருங்கியிருந்தன. பதினொரு பேரும் ஜேர்சிகளைப் புல்லில் போட்டுவிட்டு ஓடினார்கள், அந்தப் பருவத்தில் அவ்வளவு வேகமாய் ஒரு தடவையும் அவர்கள் ஓடவில்லை, அழுதார்களா சிரித்தார்களா என்று பின்னால் நின்று சொல்ல முடியவில்லை.

வொய்ட்கே வேலியால் குதித்து முதல் ஜேர்சியைக் கையில் எடுத்தான். எடுத்த வேகத்தில் போட்டான். உட்புறத்தில் மயிர் இருந்தது, ஒரு மச்சம் இருந்தது, அடிவயிற்றுத் தழும்பு ஒன்று இருந்தது. சூடாய் இருந்தது. மே மாதக் காற்று பட்டதும் அதற்குப் புல்லரித்தது.

சனம் பின்வாங்கியது. வாங்க நீண்டிருந்த கைகள் கம்பிக்குள்ளால் பின்னே போயின. யாரோ ஒருவருக்கு நினைவு வந்தது, அவரிடமிருந்து அடுத்தவருக்கு வந்தது, கொஞ்ச நேரத்தில் மேடை முழுக்க ஒரே குரலில் காடோ, காடோ என்று கூப்பிட்டது. அவருடைய பெயர் அந்த மைதானத்தில் அப்படி எழும்பினது அதுதான் முதல் தடவை. வாங்கின் நுனியிலிருந்து எழும்பி, மைதானத்தின் நீளம் முழுக்க, கூப்பிட்ட குரலுக்குள்ளால் சிவகடாட்சம் நடந்து வந்தார்.

“வந்து அள்ளிக்கொண்டு போ, காடோ,” என்றான் வொய்ட்கே. “உன் வேலைதானே.”

“சலவைக்கூடம் மூடியாயிற்று,” என்றார் சிவகடாட்சம். குனிந்து ஒன்றாம் இலக்கத்தை எடுத்தார். அதை ஒரு கையால் தாங்கி மறுகையால் நீவி, மடிக்காமல், அவனுக்கு முன்னால் நீட்டினார். இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாய் அவனை நீங்கள் என்றார்.

“கேட்டீர்கள் அல்லவா. பிடியுங்கள்.”

வொய்ட்கே சனத்தைத் திரும்பிப் பார்த்தான். சனத்தின் முகத்தில் அவன் என்னத்தைக் கண்டானோ, இரண்டு கையையும் நீட்டினான்.

“முப்பது பாகைக்கு மேலே போடாதீர்கள். உட்புறத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். பிழிய வேண்டாம், நோகும்.”

இரண்டாவதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பல்வைத்தியரின் உதவிக்காரி ஒருத்திக்குக் கொடுத்தார், மூன்றாவதைத் துப்பிப் பழகிய ஒரு கிழவருக்கு, ஆறாவதைப் பாண்கடைக்காரிக்கு. கம்பிக்கிடையால் ஒவ்வொன்றாய் நீட்டினார், ஒவ்வொருவரிடமும் அதே மூன்று சொல்லையும் அதே மரியாதையோடு சொன்னார், மரியாதையில் ஒரு துளி ஈரம் இல்லாமல் சொன்னார். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அரை வருசமாய்க் கேட்டுக்கொண்டிருந்த வாய்களுக்கு அந்தச் சொல் வரவில்லை. எங்கே காயப்போடுவது என்று கிழவர் மட்டும் கேட்டார். வெயிலில் வேண்டாம் என்றார் சிவகடாட்சம்.

மேடை கரைந்தது. பெற விரும்பாத பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாங்கிய பதினொரு பேரும் படியிறங்கினார்கள், மற்றவர்கள் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள், ஒதுங்கி நின்றவர்களும் போனார்கள். வொய்ட்கே ஒலிபெருக்கியை வேலியிலேயே விட்டுவிட்டு, கையில் இருந்தது துடிக்கிறதா என்று காதோடு வைத்துப் பார்த்து, துடிக்கிறது போலும், ஓட்டமும் நடையுமாய்ப் போனான்.

புல்லில் ஒற்றைக் காலுறை ஒன்று கிடந்தது. சிவகடாட்சம் குனிந்தார். பாதியில் நிமிர்ந்தார். பிறகு அதைத் தாண்டி வாசலுக்கு நடந்தார்.